ஆற்றோரம் டெண்டு போடலாமா? விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

காலண்டரில் 3 சிவப்பு எழுத்துகள் சேர்ந்து வந்தால் போதும். வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்.

எங்கே போகலாம்?

முன்பெல்லாம் இதற்குப் பதில் சுலபம். சொந்த ஊர். இல்லாவிட்டால் கோவில். கொஞ்சம் பணம் இருந்தால் ஊட்டியில் ஒரு அறை. இப்போது புதிதாக ஓர் ஆசை முளைத்து இருக்கிறது. கூடாரத்தில் தங்க வேண்டும்!

பிள்ளைகள் செல்போனில் படம் பார்த்துவிட்டார்கள். பச்சை மலைச் சரிவு. வரிசையாக மஞ்சள் டெண்டுகள். நடுவே எரியும் நெருப்பு. தலைக்கு மேலே நட்சத்திரங்கள். பக்கத்தில் சலசலவென்று ஓடும் ஓடை. அப்புறம் அவர்களை எப்படிச் சமாளிப்பது?

ஆசை நல்ல ஆசைதான். நாலு சுவருக்குள் இருக்கும் குடும்பம் 2 நாள் வெளியே படுத்துத் தூங்கினால் உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு தவறு இருக்கிறது. ஓடை அவ்வளவு பக்கத்தில் இருக்கக் கூடாது!

தையல்காரர் கண்ட வழி

கூடாரம் போட்டு ஊர் சுற்றும் பழக்கத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரர். பெயர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங். லண்டனில் தொழில் செய்தவர். சைக்கிளில் கட்டி எடுத்துப் போகக்கூடிய சிறிய கூடாரத்தை அவர் உருவாக்கினார். 1901-ம் ஆண்டு, சைக்கிளில் போய்க் கூடாரம் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் தோன்றியது. அதற்குக் காரணமாக இருந்தவர் அவர். 1908-ல் கூடாரம் போடுவது எப்படி என்று ஒரு புத்தகமும் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டு, பேடன் பவல் பிரவுன்சி என்ற தீவில் சிறுவர்களைக் கூட்டிச் சென்று முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் பிறந்தது அங்கேதான்.

இன்று அமெரிக்காவில் இது பெரிய பழக்கம். கலிபோர்னியாவில் யோசெமிட்டி என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே கோடை காலத்துக்குக் கூடாரம் போடும் இடங்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறார்கள். திறந்த சில நிமிடங்களில் எல்லா இடமும் தீர்ந்துவிடும்! நம் தீபாவளி ரெயில் டிக்கெட் கதைதான்.

இப்படிக் கூட்டம் மொய்க்கும்போது என்ன நடக்கிறது? நல்ல இடங்கள் முதலில் தீர்ந்து போகின்றன. மிச்சம் இருப்பது பள்ளமும் கரையும் சரிவும். தாமதமாகத் தேடுகிற குடும்பம், "கிடைத்ததே போதும்" என்று அதை எடுத்துக்கொள்கிறது. அபாயம் அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

45 நிமிடத்தில் 26 அடி!

2025-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம். அது வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. 3 நாள் விடுமுறை.

டெக்சாஸ் மாகாணத்தில் குவாடலூப் என்று ஓர் ஆறு. அதன் கரையில் குடும்பங்கள் கூடியிருந்தன. சக்கரம் வைத்த வண்டி வீடுகளில் சிலர். குடிசைகளில் சிலர். சுமார் 100 ஆண்டுகளாக நடந்துவந்த சிறுமிகள் முகாம் ஒன்றும் அங்கே இருந்தது.

விடிவதற்கு முன் பெருமழை கொட்டியது. ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. 26 அடி என்றால் இரண்டு மாடி வீட்டின் உயரம்! தூங்கிக்கொண்டு இருந்தவர்கள் எழுந்து ஓட நேரம் இல்லை. அந்த மழை வெள்ளத்தில் டெக்சாசில் 130-க்கும் மேற்பட்டவர்கள் பலி ஆனார்கள். சிறுமிகள் முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம் பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள்.

இது முதல் தடவை அல்ல. 2010-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி ஆர்கன்சா மாகாணத்தில், மலை இடுக்கில் இருந்த ஒரு முகாம் மைதானத்தில் இதே போல நள்ளிரவுக்குப் பின் வெள்ளம் வந்தது. 20 பேர் இறந்தார்கள். 1996 ஆகஸ்டு 7-ந் தேதி ஸ்பெயின் நாட்டில் பியெஸ்காஸ் என்ற ஊரில் 87 பேர் மாண்டார்கள். அந்த முகாம், மலை ஓடை கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கொட்டிய மேட்டின் மேலேயே அமைந்து இருந்தது. பார்ப்பதற்கு அழகான சமதளம். ஓடை எந்த வழியாக வந்து அதை உண்டாக்கியதோ, அதே வழியாக ஒரு மாலையில் திரும்பி வந்தது!

மலேசியாவில்...

ஆறு மட்டும் அல்ல, மண்ணும் வரும்.

மலேசியாவில் பத்தாங் காலி என்ற இடம். தலைநகர் கோலாலம்பூரில் இருந்து கெந்திங் மலைக்குப் போகும் பக்கம். 2022 டிசம்பர் 16-ந் தேதி. பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்கள் தங்கி இருந்தன. மொத்தம் 92 பேர். அதிகாலை 3 மணிக்கு முன்பு மேலே இருந்த சரிவு அப்படியே இடிந்து இறங்கியது. 31 பேர் மண்ணில் புதைந்து மாண்டார்கள். அவர்களில் 13 பேர் குழந்தைகள்.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தத் தோட்டத்துக்குத் தோட்டம் நடத்த அனுமதி இருந்தது. முகாம் நடத்த அனுமதி இல்லை.

தங்கியிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும். கேட்கும் வழக்கம் நம்மிடமும் இல்லை.

வானம் வெளுத்து இருந்தாலும் ஏமாறாதீர்கள்

"மழை இல்லையே, ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தானே" என்று சொல்கிறவர்கள் குற்றாலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் ஜனங்கள் சந்தோஷமாகக் குளித்துக்கொண்டு இருந்தார்கள். திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

மழை நாம் நிற்கிற இடத்தில் பெய்ய வேண்டியது இல்லை. மலை உச்சியில் பெய்தால் போதும். செங்குத்தான பாறைச் சரிவில் விழுந்த தண்ணீர் மண்ணில் இறங்காது. எல்லா ஓடைகளும் ஒரே இடுக்கில் வந்து சேரும். கீழே இருப்பவர்களுக்கு முதல் அறிகுறி, தெளிந்த தண்ணீர் கலங்குவது. அடுத்தது சருகும் குச்சியும் மிதந்து வருவது. தண்ணீரின் இரைச்சல் மாறுவது. இதில் எதைக் கண்டாலும் பாத்திரம் பண்டத்தைப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். கரையோரமாக ஓடக் கூடாது. மேலே ஏற வேண்டும். பகலில் இதைச் செய்யலாம். இரவு 2 மணிக்குத் தூக்கத்தில் யார் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது?

அணைக்குக் கீழே உள்ள ஆறு இன்னும் மோசம். அங்கே மழையே வேண்டாம். மதகைத் திறந்தால் போதும்.

பழைய வெள்ளம் எது வரை வந்தது என்பதைத் தரையே சொல்லும். மரக்கிளையில் உலர்ந்த புல்லும் பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்குகிறதா? அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். காலடியில் உருண்டைக் கூழாங்கல்லும் ஆற்று மணலும் கிடந்தால் அது ஆற்றின் வீடு, உங்கள் வீடு அல்ல. சரிவில் மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலும், மண்ணில் நீளமாக வெடிப்பு இருந்தாலும் அதற்குக் கீழே தங்கக் கூடாது. இவை எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வழியில் உள்ள டீக்கடையில் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு, வயதானவராகப் பார்த்து, "பெரியவரே, தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேளுங்கள். விளம்பரத்தில் இல்லாத விஷயம் எல்லாம் அங்கே கிடைக்கும்.

கரும்பும் யானையும்

2021 ஜனவரி 23-ந் தேதி கேரளாவில் வயநாடு மாவட்டத்தில், மேப்பாடி பக்கம், காட்டை ஒட்டிய ஒரு தங்கும் இடத்தில் டெண்டில் தங்கியிருந்த இளம் ஆசிரியை ஒருவரை இரவில் யானை தாக்கிக் கொன்றது. அந்த இடத்தில் டெண்டு போட்டு ஆட்களைத் தங்க வைக்க அனுமதி இல்லை என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். இடம் மூடப்பட்டது.

யானைக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நடந்து பழகிய பாதையில் அது நடக்கிறது. டெண்டு என்பது ஒரு துணி. அது சுவர் ஆகாது. காட்டுக்குள் இருப்பதுதான் பெருமை என்று விளம்பரம் செய்யும் இடம், கல்லூரி வாலிபர்களுக்கு வேண்டுமானால் ஆசையாக இருக்கலாம். 5 வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு அது பெருமை அல்ல. ஊரை ஒட்டிய, சுற்றிலும் வேலி உள்ள, இரவு முழுவதும் காவலாளும் விளக்கும் உள்ள இடமே குடும்பத்துக்கு ஏற்றது.

பொங்கல் விடுமுறைக்குப் போகிறவர்கள் கரும்புக் கட்டை டெண்டு வாசலில் சாய்த்து வைப்பது உண்டு. யானைக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா? வாழைப்பழம், பலாப்பழம், அரிசி எல்லாம் அப்படித்தான். குரங்கும் காட்டுப்பன்றியும் மோப்பம் பிடித்து வரும். நீலகிரியில் கரடியும் வரும். யோசெமிட்டியில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தின்பண்டம் முழுவதையும் அதில் போட்டுப் பூட்ட வேண்டும். கரடிக்குப் பயந்து! நம் ஊரில் இரும்புப் பெட்டி இல்லாவிட்டாலும் உள்ளூர்க்காரர்களின் சமையல் கட்டு இருக்கும். அங்கே கொடுத்து வையுங்கள். டெண்டுக்குள் பிஸ்கட் துண்டுகூட வேண்டாம். எறும்புக்கும் அது நல்லது, உங்களுக்கும் நல்லது.

காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. வனத்துறையே நடத்தும் இடங்கள் இருக்கின்றன. ஆனைமலையில் டாப் சிலிப், அதைத் தாண்டிக் கேரளாவில் பரம்பிக்குளம் ஆகியவை பெயர் பெற்றவை. கொஞ்சம் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

எந்த விடுமுறைக்கு எங்கே?

எல்லா விடுமுறைக்கும் எல்லா மலையும் ஒத்து வராது.

பொங்கல் நல்ல காலம். மழை ஓய்ந்து இருக்கும். காடு பச்சையாக இருக்கும். ஆனால் ஊட்டியில் ஜனவரி மாதம் உறைபனி விழும். கைக்குழந்தையோடு அங்கே துணிக் கூடாரத்தில் படுப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஏலகிரி, ஏற்காடு போன்ற உயரம் குறைந்த மலைகள் அப்போது இதமாக இருக்கும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புல் காய்ந்துவிடும். தீப்பிடிக்கும் காலம் அது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ந் தேதி காட்டுத் தீயில் சிக்கி, மலை ஏறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாடு மறக்கவில்லை. ஆகஸ்டு 15 விடுமுறைக்கு வால்பாறை, கூடலூர், வயநாடு பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்யும். தீபாவளி சமயத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அப்போது டெண்டு வேண்டாம். ஓட்டு வீடே மேல்.

கோடை விடுமுறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி மேல் வண்டியாக ஏறி, 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. 2025 கோடையில் ஐகோர்ட்டு ஒரு கணக்கே போட்டது. ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம். அதற்கு மேல் இல்லை! ஆகையால் டெண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், மலை ஏற அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். கிளம்பும் நேரமும் முக்கியம். கூட்ட நாளில் இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால் இடத்தின் குறை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இடம் சரியில்லை என்றால் பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜ் தேடுவதற்கு அப்போதுதான் நேரம் இருக்கும். கட்டிய பணம் போகிறதே என்று தங்கிவிடாதீர்கள்.

போனில் என்ன கேட்பது?

"குடும்பத்தோடு வரலாமா?" என்று கேட்டால், "தாராளமா வாங்க சார்" என்றுதான் பதில் வரும். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேள்வியை மாற்ற வேண்டும்.

"மொத்தம் எத்தனை டெண்டு? எத்தனை கக்கூஸ்? பெண்களுக்குத் தனியாக உண்டா? டெண்டில் இருந்து எத்தனை அடி நடக்க வேண்டும்? வழியில் விளக்கு எரியுமா?" இப்படிக் கேளுங்கள். 30 டெண்டுக்கு 2 கக்கூஸ் என்றால் விடிந்ததும் என்ன நடக்கும் என்று அம்மாக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கொதிக்க வைத்துக் கொடுப்பார்களா, கார் உள்ளே வருமா, ஜீப்பில் மாற வேண்டுமா, செல்போனில் பேச முடியுமா, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மைல்? 108-க்குப் போன் செய்ய சிக்னல் வேண்டும். வண்டி வந்து சேர ரோடு வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி. "ராத்திரி எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவீர்கள்?" இதற்கு எதிர்முனையில் சிரிப்பு வந்தால் அந்த இடம் வேண்டாம். நீண்ட விடுமுறையில் சில இடங்கள் குடிகாரர் கூடாரம் ஆகிவிடுகின்றன. குடும்பங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கும் இடங்களும் இருக்கின்றன. கடைசியாக, முகாம் நடத்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலைப் போனில் அனுப்பச் சொல்லுங்கள். இருப்பவர் அனுப்புவார். இல்லாதவர் கோபித்துக்கொள்வார்.

கரி அடுப்பு எமன்!

குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை டெண்டுக்குள் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டிப்பாகக் கூடாது. எரியும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. மூடிய டெண்டுக்குள் அது நிறைந்தால் தூங்குகிறவர்கள் தூங்கியபடியே செத்துப் போவார்கள். சுடர் அணைந்து கனல் மட்டும் இருந்தாலும் இதே அபாயம்தான். டெண்டுத் துணியில் பொறி பட்டால் நொடியில் உருகி எரியும் என்பது வேறு. குளிருக்குக் கம்பளியும், காதை மூடும் தொப்பியும், தரையில் விரிக்க ஒரு தடித்த பாயும் கொண்டு போங்கள். குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையில் இருந்துதான் அதிகம் ஏறும்.

தென்னை மரத்து நிழல் அழகுதான். தேங்காய் விழுந்தால்? பட்ட மரத்தின் அடியிலும் அப்படித்தான். இடி மின்னல் வந்தால் டெண்டு காப்பாற்றாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து கொள்ளலாம். புதர் ஓரத்தில் உள்ள சிறு பூச்சி கடித்து 'ஸ்கிரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வருவது தமிழ்நாட்டில் உண்டு. ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், "மலைக்குப் போய் வந்தோம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால் குணம் ஆகும்.

மொட்டை மாடியில் ஒத்திகை

சொந்தமாக டெண்டு வாங்குகிறவர்கள், வாங்கிய வாரமே அதை மொட்டை மாடியில் போட்டு ஓர் இரவு படுத்துப் பார்ப்பது நல்லது. காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் தண்ணீர்க் குடம் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். பல சங்கதிகள் அங்கேயே தெரிந்துவிடும். பாட்டியால் குனிந்து நுழைய முடிகிறதா? தரையில் படுத்து எழுந்தால் தாத்தாவுக்கு முழங்கால் பிடிக்கிறதா? சின்னவன் இருட்டுக்குப் பயந்து அழுகிறானா? பெட்டியின் மேல் "4 பேருக்கு" என்று போட்டிருக்கும். 4 பேர் நெருக்கிப் படுக்கத்தான் அந்தக் கணக்கு. பைகளை எங்கே வைப்பது என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது இல்லை. அப்பா, அம்மா, 2 பிள்ளைகள் என்றால் 6 பேர் டெண்டாகப் பார்த்து வாங்குங்கள்.